ஒரு சொட்டு இரத்தமும் ஒரு சிறு பட்டையும்

(சங்கத்தின் பொன்விழா ஆண்டு குடும்ப தினக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பொன்விழா மேடையில் பேசுபவர்கள் வழக்கமாகச் சங்கத்தின் வரலாற்றைப் பேசுவார்கள். அதைப் பேசத் தகுதியான பெரியவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். எங்களை அழைத்த செயலவையினர், "உங்கள் தொழிலில் உங்களுக்குத் தெரிந்த, நம் குடும்பங்களுக்குப் பயன்படும் ஒன்றைச் சொல்லுங்கள் தம்பி" என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

நாங்கள் மருத்துவர்கள் அல்லர். அண்ணன், தம்பி, மைத்துனர் என்று மூவர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய வணிகம் எங்களுடையது. மருந்தகங்களுக்குக் கையுறை, ஊசி, பஞ்சு, பரிசோதனைப் பட்டை போன்ற பொருள்களைத் தருவித்துக் கொடுக்கிறோம். எங்கள் படிப்பு, பலதுறைத் தொழிற்கல்லூரியில் பெற்ற பட்டயம். அந்தப் படிப்பும் பத்தாண்டுக்கும் மேலான வியாபாரமும் சொல்லிக்கொடுத்ததை மட்டும் இங்கே சொல்கிறோம். மருத்துவர் சொல்ல வேண்டியதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டை எப்படி வேலை செய்கிறது?

கொவிட் காலத்தில் சிங்கப்பூரில் ஏஆர்டி சோதனை செய்யாத வீடு இல்லை. மூக்கில் குச்சியை விட்டு, திரவத்தில் கலக்கி, சொட்டு விட்டு, பதினைந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஒரு கோடு வந்தால் நிம்மதி. இரண்டு கோடு வந்தால் தனியறை. அந்தச் சிறு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்ததுதான் நாம் பேசப்போகும் பட்டை.

அதற்குள் ஒரு மெல்லிய தாள் இருக்கிறது. சொட்டு விடும் இடத்திலிருந்து ஈரம், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் தாளில் மெதுவாக நகர்கிறது. வழியில் மிக நுண்ணிய தங்கத் துகள்கள் காத்திருக்கின்றன. ஆம், தங்கம்தான். பொன்விழாவுக்குப் பொருத்தமாக இருக்கிறதல்லவா! தங்கத்தை அவ்வளவு நுண்மையாக உடைத்தால் அது மஞ்சளாகத் தெரியாது, சிவப்பாகத் தெரியும். தேடும் பொருள் மாதிரியில் இருந்தால், தங்கத் துகள் அதைப் பற்றிக்கொண்டு முன்னே போகும். சற்றுத் தள்ளித் தாளில் ஒரு கோட்டில் வேறொரு பொருள் அதைப் பிடித்து நிறுத்தும். துகள்கள் அங்கே குவியக் குவியச் சிவப்புக் கோடு தெரியும். அதற்கு அப்பால் இருக்கும் கட்டுப்பாட்டுக் கோடு, பட்டை ஒழுங்காக வேலை செய்தது என்பதற்குச் சாட்சி. அந்தக் கோடு வராவிட்டால் சோதனையே செல்லாது.

கர்ப்பம் பார்க்கும் பட்டையும் இதே வகைதான். கிருமியையும் கர்ப்பத்தையும் காட்டும் இந்தப் பட்டை, பிறக்கும்போதே நம்மோடு வரும் மரபணு வேறுபாட்டையும் காட்டுமா? சிலவற்றைக் காட்டும், சிலவற்றைக் காட்டாது. எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்துகொள்வது நம் சமூகத்துக்கு மிகவும் தேவை.

ஓர் எழுத்து மாறினால்

நம் பாட்டனார்கள் கடையில் சிட்டையும் பேரேடும் வைத்துக் கணக்கு எழுதினார்கள். நம் உடலிலும் ஒரு பேரேடு இருக்கிறது. அதன் பெயர் டிஎன்ஏ. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது. மொத்தம் சுமார் 300 கோடி எழுத்துகள். ஒவ்வொருவரிடமும் இந்தப் பேரேட்டுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று வாப்பாவிடமிருந்து வந்தது, மற்றொன்று உம்மாவிடமிருந்து வந்தது.

இந்த மண்டபத்தில் இருக்கும் எந்த இருவரை எடுத்துக்கொண்டாலும் ஏறக்குறைய ஆயிரம் எழுத்துக்கு ஓர் எழுத்து வேறுபடும். பெரும்பாலான வேறுபாடுகளால் ஒரு தொல்லையும் இல்லை. சில வேறுபாடுகள் பொருளையே மாற்றிவிடும். "வாப்பா பள்ளிக்குப் போனார்" என்று எழுத வேண்டிய இடத்தில் "பல்லிக்கு" என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? ஓர் எழுத்துதான் மாறியது. இரத்தத்தின் சிவப்புப் பொருளான ஹீமோகுளோபினை எழுதும் பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறுவதால்தான் அரிவாள் உயிரணு நோய் வருகிறது.

பேரேட்டில் இருக்கும் ஓர் எழுத்தை நேரடியாகப் படிப்பது கடினம். அதனால் பட்டைகள் இரண்டு வழிகளில் வேலை செய்கின்றன. ஒன்று, எழுத்தை விட்டுவிட்டு, அந்த எழுத்தின்படி உடல் செய்த பொருளைப் பார்ப்பது. மற்றொன்று, டிஎன்ஏயைப் பல கோடி மடங்கு பிரதி எடுத்துவிட்டுப் பிறகு பட்டையில் ஓடவிடுவது. முதல் வழி எளிது, மலிவு, சில நிமிடங்களில் முடியும். இரண்டாம் வழிக்குக் கருவி வேண்டும், பயிற்சி பெற்ற கை வேண்டும்.

பாச்சா உருண்டையும் பச்சைப் பிள்ளையும்

முதல் வழிக்கு நம் வீடுகளில் தெரிந்த உதாரணம் ஜி6பிடி குறைபாடு. இந்தப் பெயரைப் பிள்ளை பெற்ற தாய்மார்கள் பலரும் மருத்துவமனையில் கேட்டிருப்பீர்கள். சிவப்பணுவைப் பாதுகாக்கும் ஒரு நொதியின் பெயர் ஜி6பிடி. அது குறைவாக இருப்பவர்கள் சாதாரண நாளில் நம்மைப் போலவே நலமாக இருப்பார்கள். சில மருந்துகளோ பொருள்களோ உடலில் சேர்ந்தால் சிவப்பணுக்கள் திடீரென்று உடைந்துவிடும். உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இந்தக் குறைபாடு இருப்பதாக மதிப்பிடுகிறார்கள்.

சிங்கப்பூரில் ஒரு காலத்தில் பிறந்த குழந்தைகளுக்குக் கடும் மஞ்சள்காமாலை வந்து மூளை பாதிக்கப்பட்டது, பலர் இறந்தார்கள். பேராசிரியர் வோங் ஹொக் பூன் போன்ற குழந்தை மருத்துவர்கள் அதற்கும் ஜி6பிடி குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பைக் கண்டார்கள். 1965 முதல் இங்கே பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து இந்த நொதியைப் பார்க்கிறார்கள். குறைபாடுள்ள பிள்ளையைக் கூடுதலாகக் கவனித்து, காமாலை ஏறினால் உடனே சிகிச்சை தருகிறார்கள். நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில் தொடங்கிய இந்த ஏற்பாட்டினால் எத்தனையோ பிள்ளைகள் நலமாக வளர்ந்தார்கள்.

ஆய்வுக்கூடம் இல்லாத ஊர்களுக்காக இதையே பட்டையில் செய்திருக்கிறார்கள். விரல் நுனியிலிருந்து மிகச் சிறிய அளவு இரத்தம் போதும். பத்து நிமிடம் பொறுத்தால், நொதி போதுமான அளவு இருந்தால் பட்டை ஊதா நிறமாகும். குறைவாக இருந்தால் நிறம் மாறாது. மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுவின் மருந்து இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆபத்து என்பதால், மலேரியா பரவும் நாடுகளில் இந்தப் பட்டைக்கு மிகுந்த தேவை.

இங்கே ஒரு குடும்பச் செய்தியும் உண்டு. இந்தக் குறைபாட்டுக்கான எழுத்து எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்பிள்ளைக்கு எக்ஸ் ஒன்றுதான். அது உம்மாவிடமிருந்து வருவது. ஆகவே வாப்பாவின் குறைபாடு மகனுக்கு வராது; அவருடைய மகள்கள் எல்லாருக்கும் அந்தப் பிரதி போய்ச் சேரும். அந்த மகள்களில் பலருக்கு ஒரு தொல்லையும் தெரியாது. அவர்கள் சிவப்பணுக்களில் ஒரு பகுதி நல்லவை, ஒரு பகுதி குறைந்தவை. பட்டை அந்தக் கலவையைப் பார்த்து "நலம்" என்றே காட்டிவிடக்கூடும். பெண்களைப் பொறுத்தவரை பட்டையின் பதிலோடு நின்றுவிடாமல், நொதியின் அளவை எண்ணாகச் சொல்லும் சோதனையைக் கேட்பது நல்லது.

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். பெருநாள் துணியோடும் பட்டுப்புடவையோடும் அலமாரியில் பாச்சா உருண்டை போட்டு வைப்பது நம் வழக்கம். அதில் இருக்கும் நாப்தலீன், ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைக்கு ஆகாத பொருள். பேரப்பிள்ளைக்கென்று எடுத்து வைத்த பழைய போர்வையில் அந்த வாசம் இருந்தால் அதைக் குழந்தைக்குப் போர்த்தாதீர்கள். குறைபாடு உள்ள பிள்ளைக்கு மருத்துவமனை கொடுக்கும் அட்டையை எங்கே போனாலும் கையில் வைத்திருங்கள். ஊருக்குப் போகும்போது கட்டாயம் வைத்திருங்கள். அங்கே மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரைக்கு முன்னால் அந்த அட்டையைக் காட்டுங்கள்.

கல்யாணம் பேசும் வீட்டில்

இனிச் சொல்லப்போவதுதான் இன்று எங்களை இந்த மேடைக்கு அழைத்து வந்த செய்தி.

சென்ற ஆண்டுகளில் ஒன்றில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் கடைக்கு வந்தார்கள். மகனுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். "தலசீமியா பார்க்கிற பட்டை இருக்குதாமே தம்பி, பொண்ணுக்கு மட்டும் ஒண்ணு பார்த்துக்கலாமா?" என்று கேட்டார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பிறக்கும் பேரப்பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் கேட்டார்கள். "மாமி, பொண்ணை மட்டும் பார்த்தால் பாதிக் கணக்குதான். மாப்பிள்ளையையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முடியும்" என்று நாங்கள் சொன்னோம். மாமி சற்று யோசித்துவிட்டு, "அப்ப அவனுக்கும் பாக்கணும்னு சொல்றீங்க" என்றார். அதைத்தான் இன்று எல்லாருக்கும் சொல்கிறோம்.

தலசீமியாவில் ஹீமோகுளோபினைச் செய்யும் எழுத்தில் பிழை. ஒரு பிரதியில் மட்டும் பிழை இருப்பவர் நோயாளி அல்லர். அவரை மரபணுச் சுமப்பவர் என்கிறோம். அவர் படிப்பார், வேலை பார்ப்பார், ஹஜ்ஜுக்குப் போவார், தனக்குள் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் முதுமை வரை வாழ்வார். சுமப்பவர் ஒருவர், சுமக்காத ஒருவரை மணந்தால் பிள்ளைகளுக்குக் கடும் நோய் வராது. சுமப்பவர் இருவர் மணந்தால்தான் கணக்கு மாறுகிறது. ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நலமான பிள்ளை. நான்கில் இரண்டு பங்கு பெற்றோரைப் போலச் சுமக்கும் பிள்ளை. நான்கில் ஒரு பங்கு இரண்டு பிரதியிலும் பிழை உள்ள பிள்ளை. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் இரண்டாவது தப்பித்துவிடும் என்று எண்ணக்கூடாது. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகவே குலுக்கப்படுகிறது.

பீட்டா தலசீமியா கடுமையாக உள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் இரத்தத்தோடு இரும்பும் சேர்ந்து இதயத்திலும் கல்லீரலிலும் தங்கும். அதை வெளியேற்ற வாழ்நாளெல்லாம் மருந்து வேண்டும். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று படித்து, வேலைக்குப் போய், மணம் முடித்தும் வாழ்கிறார்கள். ஆனால் அவர்களும் பெற்றோரும் படும் பாட்டை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நம் சமூகத்துக்கு இதில் இரண்டு தனி நிலைமைகள் உண்டு.

முதலாவது, சொந்தத்தில் மணம் முடிப்பது. கடையநல்லூர், தென்காசி, தோப்புத்துறை, முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், கீழக்கரை என்று எந்த ஊரிலிருந்து வந்திருந்தாலும், ஊருக்குள்ளேயே, உறவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் நம்மில் நிறைய. அதில் குற்றம் எதுவும் இல்லை. கணக்கை மட்டும் தெரிந்துகொள்ளலாம். பாட்டனாரோ பாட்டியோ ஒருவர் சுமப்பவர் என்றால், அவருடைய பேரப்பிள்ளை ஒவ்வொருவருக்கும் அந்தப் பிரதி வந்திருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகளும் அத்தை மகனும் மணந்தால், இருவரும் சுமப்பவராக இருக்கப் பதினாறில் ஒரு பங்கு வாய்ப்பு. அந்நியத்தில் மணந்தால் இந்த வாய்ப்பு பொதுவாகக் குறையும், மறைந்துவிடாது.

இரண்டாவது, மலாய்க் குடும்பங்களோடு நமக்குள்ள சம்பந்தம். இங்கும் மலேசியாவிலும் பல தலைமுறைகளாகக் கலந்து மணந்திருக்கிறோம். மலாய் மக்களிடையே ஹீமோகுளோபின் ஈ என்ற வேறுபாடு பரவலாக உண்டு. அது தனியாக இருந்தால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் வாப்பாவிடமிருந்து பீட்டா தலசீமியாப் பிழையும் உம்மாவிடமிருந்து ஈயும் வந்து ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால், சில பிள்ளைகளுக்குக் கடும் நோயாகிவிடும். "அந்நியத்தில்தானே முடித்தோம், நமக்கு எப்படி வந்தது?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

இங்கே பட்டை எங்கே வருகிறது? முதல் படி பட்டையே அல்ல. சாதாரண முழு இரத்த எண்ணிக்கைச் சோதனை. சிவப்பணு சிறியதாக இருந்தால் சந்தேகம் வரும். இரும்புச்சத்துக் குறைவிலும் அணு சிறியதாகும் என்பதால், இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். "இரத்தம் குறைவு" என்று ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிட்டும் எண்ணிக்கை ஏறாத பெண்கள் நம்மில் இருந்தால், மருத்துவரிடம் தலசீமியாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அடுத்த படி ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் சோதனை. அதன் பிறகுதான் டிஎன்ஏ.

ஆல்பா தலசீமியாவை வடிகட்டத் தாய்லாந்தின் சியாங் மாய் பல்கலைக்கழகத்தார் ஒரு பட்டையை உருவாக்கியிருக்கிறார்கள். டிஎன்ஏ படியில் பயன்படும் இன்னொரு வகைப் பட்டையும் உண்டு. அதில் வரிசையாகப் பல கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு குறிப்பிட்ட எழுத்துப் பிழைக்கு உரியது. ஆய்வுக்கூடத்தில் பிரதி எடுத்த டிஎன்ஏயை அதன்மேல் விட்டால், எந்தக் கோடு நிறம் பெறுகிறதோ அந்தப் பிழை இருக்கிறது என்று பொருள். ஒரே பட்டையில் இருபதுக்கும் மேற்பட்ட பிழைகளைப் பார்க்கலாம். சில மணி நேரம் ஆகும்.

வியாபாரிகளாக நாங்கள் இங்கே ஒரு கேள்வி கேட்போம்: "இந்தப் பட்டை எந்த மக்களுக்காகச் செய்தது?" பீட்டா தலசீமியாவில் 200க்கும் மேற்பட்ட பிழைகள் தெரிந்திருக்கின்றன. இத்தாலி, கிரேக்கம், சைப்பிரஸ் மக்களிடம் அதிகம் காணப்படுவது வேறு. இந்திய வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படுவது வேறு. ஐவிஎஸ் 1-5 என்று அழைக்கப்படும் பிழை இந்தியாவில் முதலிடத்தில் இருப்பது. அதற்குரிய கோடு இல்லாத பட்டையை வைத்து நம்மவர் ஒருவருக்கு "பிழை இல்லை" என்று சொன்னால், அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை.

அரிவாள் உயிரணு நோய்

இந்த நோய் ஆப்பிரிக்காவில் மட்டும் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். 1952ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டின் நீலகிரிப் பழங்குடியினரிடையே அது கண்டறியப்பட்டது. 2023 ஜூலையில் இந்திய அரசு இந்த நோயை ஒழிக்கும் தேசிய இயக்கத்தைத் தொடங்கி, 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்தது. மலைக் கிராமத்துக்குப் பெரிய கருவியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அங்கே ஒரு சொட்டு இரத்தத்தில் சில நிமிடங்களில் பதில் சொல்லும் பட்டை பெரிய உதவி.

ஒரு சிறு எச்சரிக்கை. இந்தப் பட்டைகளில் சில வகைகளில் கோடு தெரிந்தால் அந்தப் பொருள் இருக்கிறது. வேறு சில வகைகளில் கோடு தெரியாவிட்டால்தான் இருக்கிறது. ஏஆர்டி பழக்கத்தில் பார்த்தால் பதிலைத் தலைகீழாகப் படித்துவிடுவோம். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படிக்காமல் எந்தப் பட்டையையும் தொடக்கூடாது.

எழுத்தையே படிக்கும் பட்டை

டிஎன்ஏயில் ஓர் எழுத்தை மட்டும் எப்படிப் படிக்கிறார்கள்? பிரதி எடுக்கும் வேலையைத் தொடங்க ஒரு சிறு துண்டு டிஎன்ஏ தேவை. அதன் கடைசி எழுத்து, நாம் தேடும் எழுத்தோடு பொருந்தினால் மட்டும் பிரதி எடுக்கும் வேலை நன்றாக ஓடும். பொருந்தாவிட்டால் தடுமாறி நின்றுவிடும். எடுக்கும் பிரதியின் இரு முனைகளிலும் இரண்டு அடையாளச் சீட்டுகளை ஒட்டிவிடுகிறார்கள். பட்டையில் ஓடும்போது ஒரு சீட்டைத் தங்கத் துகள் பிடிக்கும், மற்றதைக் கோடு பிடிக்கும். இரண்டு சீட்டும் உள்ள சரக்குக்கு மட்டுமே துறைமுகத்தில் வாசல் திறப்பதுபோல. ஒரே வெப்பநிலையில் பிரதி எடுக்கும் முறைகளும், 2018க்குப் பிறகு கிரிஸ்பர் முறையைப் பட்டையோடு சேர்த்த ஆய்வுகளும் வந்ததால், இது ஆய்வுக்கூடத்திலிருந்து மருந்தகத்தை நோக்கி மெதுவாக நகர்கிறது.

இதனால் என்ன பயன் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கார்பமாசெபின் என்ற மருந்தைத் தருவார்கள். சிலருக்கு அது தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாக முடியும். 2004இல் தைவான் ஆய்வாளர்கள் அப்படிப் பாதிக்கப்பட்ட 44 பேரைப் பார்த்தபோது 44 பேரிடமும் எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருந்தது. 2013 முதல் சிங்கப்பூரில் ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் அந்த மரபணுவைப் பார்ப்பது மருத்துவ நெறியாகிவிட்டது. இன்று அது ஆய்வுக்கூடச் சோதனை. பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். மருத்துவர் மருந்து எழுதும் அதே நாளில் பட்டையில் பதில் கிடைத்தால் எவ்வளவு நன்மை என்று எண்ணிப் பாருங்கள்.

நாங்கள் ஏன் வீட்டுக்கு விற்பதில்லை?

"கடையில் வைத்து விற்றால் நல்ல வியாபாரமாயிற்றே?" என்று எங்களிடம் பலர் கேட்கிறார்கள். மருத்துவச் சாதனங்களுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதிகள் உண்டு; மலேசியாவில் 2012ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டம் உண்டு. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் எங்களுக்குப் பாதி விலைக்குப் பட்டைகள் தர முன்வந்தார். பதிவுச் சான்றும் தொகுதி எண்ணும் கேட்டோம். அதன்பின் அவரிடமிருந்து பதிலே இல்லை. நாங்களும் விட்டுவிட்டோம்.

வெப்பமும் ஒரு காரணம். 30 பாகைக்கு மேல் போகாமல் வைக்கச் சொல்லிப் பல பெட்டிகளில் அச்சிட்டிருக்கும். நம் ஊர் மதிய வெயிலில் மூடிய சரக்குப் பெட்டிக்குள் 50 பாகையும் தாண்டக்கூடும். அப்படி வெந்து வந்த பட்டையில் நொதி இருந்தும் நிறம் வராமல் போகலாம், கோடு மங்கலாகலாம். இணையத்தில் வாங்கும்போது அது எந்த வெயிலில் எத்தனை நாள் கிடந்தது என்று யார் சொல்வார்கள்?

இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம், பதில் வந்த பிறகு நடப்பது. ஏஆர்டியில் இரண்டு கோடு வந்தால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். மரபணுவில் வந்த பதில் வாழ்நாள் முழுதும் மாறாது. ஒருவருடைய பதில், அவருடைய உம்மா, வாப்பா, ராத்தா, தம்பி எல்லாரைப் பற்றியும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிடும். அதைச் சமையலறை மேசையில் தனியாக உட்கார்ந்து படிக்கக்கூடாது. பக்கத்தில் விளக்கிச் சொல்லும் ஒருவர் இருக்க வேண்டும். பட்டை வடிகட்டும், முடிவைச் சொல்ல ஆய்வுக்கூடமும் மருத்துவரும் வேண்டும். சிங்கப்பூரில் 1992இல் அமைக்கப்பட்ட தேசிய தலசீமியாப் பதிவகம் கே.கே. மகளிர், சிறார் மருத்துவமனையில் இயங்கிவருகிறது. சுமப்பவர்களுக்கும் அவர்கள் உறவினருக்கும் அங்கே ஆலோசனை கிடைக்கும்.

காப்புறுதியைப் பற்றியும் கேட்கிறார்கள். 2021 அக்டோபர் முதல் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் செய்துள்ள ஏற்பாட்டின்படி, காப்புறுதி எடுக்க வருபவரை மரபணுச் சோதனை செய்துகொண்டு வரும்படி நிறுவனங்கள் கட்டாயப்படுத்தக்கூடாது. ஆகவே அந்த அச்சத்தால் மருத்துவர் சொல்லும் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

நம் சங்கத்துக்கு நான்கு வேண்டுகோள்

நம்மைப் போன்ற மற்றச் சமூகங்கள் இதை எப்படிக் கையாண்டன? ஈரானில் 1997 முதலும் சவூதி அரேபியாவில் 2004 முதலும் திருமணத்துக்கு முன் இந்தச் சோதனை கட்டாயம். மலேசியாவில் 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குத் தலசீமியாச் சோதனை செய்கிறார்கள். இங்கே கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாத இடத்தில்தான் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. செயலவை முன் இந்த நான்கையும் வைக்கிறோம்.

ஒன்று: நிக்காஹ் நாள் குறிப்பதற்கு முன்பே, முடிந்தால் சம்பந்தம் பேசத் தொடங்கும் முன்பே, பிள்ளைகள் இருபது வயதை எட்டியதும், ஆணும் பெண்ணும் இரத்த எண்ணிக்கையையும் தலசீமியாவையும் குடும்ப மருத்துவரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். அழைப்பிதழ் அச்சடித்த பிறகு வரும் பதில் எல்லாரையும் வதைக்கும். முன்கூட்டியே தெரிந்தால் நிதானமாக யோசிக்க இடம் இருக்கும்.

இரண்டு: பதில் அந்தப் பிள்ளையின் அமானிதம். சங்கம் யாருடைய பதிலையும் கேட்க வேண்டாம், பதிவு செய்ய வேண்டாம். கல்யாண வீட்டில் அதைப் பேசிப் பரப்புவது ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கும். சுமப்பவர் என்பது குறையும் அல்ல, குற்றமும் அல்ல. இந்த மண்டபத்தில் நமக்குத் தெரியாமலே சிலர் சுமந்துகொண்டு இருக்கலாம்; பேசிக்கொண்டிருக்கும் நாங்களாகவும் இருக்கலாம்.

மூன்று: சுமப்பவர் இருவர் மணம் முடிக்க விரும்பினால் முடிவு அவர்களுடையது. அவர்களுக்கு மருத்துவ ஆலோசகரிடமும் ஆலிம்களிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கும். அந்தக் கேள்விகளைக் கூச்சமின்றிக் கேட்க, ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒரு மருத்துவரையும் ஓர் ஆலிமையும் ஒரே மேடைக்குச் சங்கம் அழைக்கட்டும். அதற்கு எங்களால் ஆன செலவை நாங்கள் ஏற்கிறோம்.

நான்கு: சங்கத்தின் சார்பில் இரத்ததான முகாம் நடத்துவோம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டிய இரத்தம் எந்தக் கடையிலும் கிடைக்காது. எங்களைப் போன்ற வியாபாரிகளால் இறக்குமதி செய்யவும் முடியாது. மனிதர் கொடுத்தால்தான் உண்டு.

நம் பாட்டனார்கள் கப்பலில் வந்து இறங்கியபோது, நோய் வந்தால் பார்க்கவும், மையித்து விழுந்தால் எடுக்கவும், பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் இந்தச் சங்கத்தை உண்டாக்கினார்கள். அவர்கள் காலத்துத் தேவையை அவர்கள் பார்த்தார்கள். நம் காலத்துத் தேவைகளில் இதுவும் ஒன்று என்று எண்ணியே இவ்வளவும் சொன்னோம். அடுத்த கூட்டத்தில் செயலவை இதை எடுத்துப் பேசும் என்று நம்புகிறோம்.

விருந்து தயாராகிவிட்டது என்று பின்னாலிருந்து சைகை காட்டுகிறார்கள். சாப்பிட்ட பிறகு கேள்வி கேட்க விரும்புபவர்களுக்காக வாசலருகே மேசையில் உட்கார்ந்திருப்போம், இன்ஷா அல்லாஹ்.